முதல் பறிப்பு

தான் வளர்த்த எந்தச் செடியிலும் முதல் பறிப்பை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த நான்கு மாடி அடுக்குவீட்டில் அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருந்தது அது ஒன்றுதான். பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆன்ட்டி என்போம். அறுபதை நெருங்கிய வயது, தனி ஆள், கீழ்த்தள வீடு.

கட்டடத்தின் பின்புறம், கம்பி வேலிக்கும் மழைநீர் ஓடும் பெரிய லோங்காங் வடிகாலுக்கும் நடுவில், ஓர் ஆள் கைநீட்டிப் படுக்கும் அகலத்தில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. அங்கேதான் அவருடைய தோட்டம். செர்காமிலிருந்து மீன் வரும் வெள்ளை நுரைப்பெட்டிகளைச் சந்தையில் கேட்டு வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பியிருந்தார். தண்டுக்கீரை, பசலை, வெண்டை, கத்தரி, வேலியில் ஏறிய நீட்டுப் பயிற்றங்காய், மூலையில் கறிவேப்பிலை. இருபது பெட்டிகளுக்கு மேல் இருக்கும். அந்தத் தோட்டம் வருவதற்கு முன் அங்கே பழைய மெத்தைகளும் எலிகளும்தான் இருந்தன என்று பக்கத்து வீட்டு சரோ அக்கா சொல்வார். அவரே அடுத்த மூச்சில், "ஆனா மொதக் கீரைய மட்டும் கண்ணுல காட்டாது, கஞ்சப் பொம்பளை" என்றும் சொல்வார்.

நாங்கள் அங்கே குடிவந்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இரத்தம் குறைவு, கீரை கொடுங்கள் என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தார். ஒரு கல்லூரி அலுவலகத்தில் பார்த்த வேலையை அவளுக்காகவே விட்டிருந்தேன். அதனால் அவள் இரத்தம் குறைந்தால் அது என் வேலையில் நேர்ந்த தவறு என்றே எனக்குத் தோன்றும். பசாரில் வாங்கிய கீரையை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பேன், மறுபடி கழுவுவேன், வேகவைத்த பிறகும் சந்தேகப்பட்டு அதை நானே தின்றுவிட்டு அவளுக்குக் கேரட் கொடுப்பேன். எந்த ஊரில் என்ன மருந்து அடித்தார்களோ, யார் கண்டது? கண்ணெதிரே வளர்வதைத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். படித்தவள் எடுத்த முடிவு.

முதல் நாள் கீழே இறங்கிப்போய் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்டேன். இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தன.

"எது வேணும்னாலும் கேளும்மா. இது மட்டும் வேணாம்லா. இது இன்னும் மொதப் பறிப்பு ஆகல."

"எப்போ ஆகும் ஆன்ட்டி?"

"நான் தின்னு ரெண்டு நாள் ஆகட்டும்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்துப் பெட்டியிலிருந்து, ஏற்கெனவே பாதி பறித்து மறுபடி துளிர்த்த கீரையை, வேண்டிய அளவுக்கும் மேலேயே கிள்ளிக் கொடுத்தார். எனக்கு என்னவோ எச்சில் தட்டில் சோறு வாங்கியது போல இருந்தது. வீட்டில் சொன்னபோது என் கணவர், "கடைசி வரைக்கும் ஓசிதானே, மொதல் என்ன, ரெண்டாவது என்ன?" என்றார். அதுவும் சரிதான். அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் அந்தக் கீரைதான். உப்புத் தண்ணீர் கிடையாது, சந்தேகம் கிடையாது. ஒரே அலசு. என் மகள் வாயைத் திறந்து திறந்து காட்டித் தின்றாள்.

ஆடிப் பூசைக்குக் கோயிலில் சமைக்க வீட்டுக்கு வீடு காய் கொடுத்தோம். ஆன்ட்டி ஒரு பை நிறைய கத்தரிக்காய் கொண்டுவந்தார். சரோ அக்கா பையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"சாமிக்காச்சும் மொதப் பறிப்பா ஆன்ட்டி?"

"இல்ல. ரெண்டாவது."

"சாமிக்கு முந்தி நீங்க தின்னுட்டீங்க?"

"சாமிக்கும் வயிறு இருக்குல்ல" என்றார் ஆன்ட்டி.

எல்லாரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். 

அவருடைய நகங்களை நான் பல நாள் கவனித்திருக்கிறேன். வலக்கையில் இரண்டு விரல்களுக்கு நகமே இல்லை. மற்றவை மஞ்சளாகி, குறுக்கே வரி விழுந்து, பழைய பிளாஸ்டிக் போல இருக்கும். ஏதோ பூஞ்சை என்று நினைத்து, அவர் கிள்ளிக் கொடுக்கும் கீரையில் அது ஒட்டுமோ என்றுகூடக் கவலைப்பட்டேன். ஆனால் தோட்டத்திலிருந்து வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுகிற பெண்மணி அவர். எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டை, தலையில் துண்டு. எந்த இலையையும் முகர்ந்து பார்க்காமல் கிள்ளமாட்டார்.

மண் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். வீடு இடித்த இடம், மூடிக்கிடந்த வொர்க்‌ஷாப்பின் பின்புறம், சாலை வெட்டிய குழி என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

"டவுன்ல நல்ல மண்ணுக்கு எங்கம்மா போறது? இது எதை எதையெல்லாம் குடிச்சிருக்கோ, யாருக்குத் தெரியும்?"

இதைவிடத் தெளிவாக அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? நான் அதையும் ஒரு பேச்சாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் கொசு பார்க்கும் அதிகாரி வந்தார். பெட்டிகளில் தண்ணீர் தேங்குகிறது, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். ஆன்ட்டி ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. ஒவ்வொரு பெட்டியாகச் சாய்த்து, அடியில் உள்ள ஓட்டைகளில் விரலை விட்டுக் காட்டினார். ஏழாவது பெட்டியில் அதிகாரி போதும் என்றார். ஆன்ட்டி அவரைக் கையோடு கூட்டிப்போய் லோங்காங்கில் நெளிந்த புழுக்களைக் காட்டினார். போகும்போது அந்த மனிதர் கையில் ஒரு கட்டு எலுமிச்சை வாசனைச் செராய்ப் புல்லும் நாலு கத்தரிக்காயும் இருந்தன.

"அவருக்காச்சும் மொதப் பறிப்பா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அவரு வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கும்லா" என்றார்.

இந்தப் பதிலும் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைக்கூட நான் உணரவில்லை.

பிறகு அந்த வாரம் வந்தது. வேலியோரப் புல்லை ஒழிக்க நகராட்சிக் குத்தகைக்காரரின் ஆட்கள் முதுகில் மருந்துக் கேனோடு வந்தார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் நின்றிருந்தேன். ஆன்ட்டி திடீரென்று மூக்கைத் தூக்கினார். காற்றில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"பிள்ளைய தூக்கிட்டு மேல போ! போடி!"

அவர் என்னை 'டி' போட்டதும் கத்தியதும் அன்றுதான். மேலே போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தேன். படுக்கை விரிப்பு, சாரோங், கோணிப்பை என்று கிடைத்ததையெல்லாம் ஓடி ஓடிப் பெட்டிகளின் மேல் போர்த்திக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் நடக்கவே சிரமப்படுகிறவர். வேலிக்கு அருகே இருந்த கடைசி இரண்டு பெட்டிகளுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் மருந்தடித்தவர் அவற்றைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் அந்த இரண்டு பெட்டிகளைச் சுற்றிச் சிவப்பு ரஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தது. இதற்கு முன்பும் அங்கங்கே அந்தக் கயிற்றைப் பார்த்திருக்கிறேன். புதுப் பெட்டிகளில் சில நாள் இருக்கும், பிறகு காணாமல் போகும். கண்ணேறு கழிப்பதற்கு என்று சரோ அக்கா சொல்லியிருந்தார். அந்த வாரம் அவரே அந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்து, "எப்டித் தளதளன்னு இருக்கு பாரேன்" என்று வாய்விட்டுச் சொன்னதால்தான் கயிறு கட்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐந்து நாள் கழித்து, மகளுக்கு மறுநாள் மீண்டும் இரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் கீரை இல்லை. ஆன்ட்டி முழங்காலுக்கு மருந்து வாங்கக் கிளினிக் போயிருந்தார். ஒரு நாள் கீரை தின்றால் மறுநாள் இரத்தம் ஏறிவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கீழே இறங்கினேன். மற்றப் பெட்டிகளெல்லாம் முந்தின நாள்தான் பறித்து மொட்டையாக நின்றன. கயிறு கட்டிய கடைசிப் பெட்டியில் இலை நிறைந்திருந்தது. ஓரிரு இலைகளில் பழுப்புப் புள்ளிகள். அவற்றை விட்டுவிட்டு நல்லதாக ஒரு பிடி கிள்ளினேன். முதல் பறிப்பு. கேட்டால் தரமாட்டார், எனவே கேட்காமல் எடுத்தேன். திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும். என் பிள்ளைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை அலசி, வேகவைத்து, சோற்றோடு மசித்து ஊட்டினேன். ஐந்து கரண்டி தின்றாள்.

மாலையில் கதவைத் தட்டும் சத்தம். எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஆன்ட்டி ஒருநாளும் மேலே ஏறி வந்ததில்லை. கதவைத் திறந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"கடசிப் பெட்டியில யாரு கிள்ளுனது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"நான்தான் ஆன்ட்டி. ஒரு பிடிதான். நீங்க இல்ல, அதான்…"

"பிள்ளைக்கா?"

நான் தலையாட்டியதும் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தரையில் விளையாடிக்கொண்டிருந்தவளைத் தூக்கி, வாயைத் திறந்து, உதட்டையும் நாக்கையும் பார்த்தார். முகர்ந்தார். "கெளம்பு. ஆஸ்பத்திரி" என்றார்.

கணவர் ஷிஃப்டில் இருந்தார். சரோ அக்காதான் கார் ஓட்டினார். பின்னிருக்கையில் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டேன்.

"அது திருஷ்டிக் கயிறுதானே ஆன்ட்டி?"

"திருஷ்டியா? ராச்சுன் பட்ட கீரைம்மா அது. புல்லுக்கு அடிச்ச ராச்சுன்."

விஷம் என்ற சொல் எனக்கு அந்த மலாய்ச் சொல்லாகவே வந்து விழுந்தது. 

"அப்போ ஏன் பிடுங்கிப் போடல? ஏன் அப்டியே விட்டு வச்சீங்க?"

"தின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்லா. இன்னிக்குக் காலையிலதான் ஒரு பிடி தின்னேன். இன்னும் நேரம் ஆகல."

சரோ அக்கா காரைச் சாலையோரம் நிறுத்தியே விட்டார். திரும்பி அவரைப் பார்த்தார்.  பிறகு மறுபடி ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். எங்களைப் பார்த்த டாக்டர் இளம் தமிழ்ப்பெண். பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், தின்றதும் கொஞ்சம்தான், ஆனாலும் நாளைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். அடுத்து ஆன்ட்டியின் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார்.

"எத்தனை வருஷம் மருந்தடிச்சீங்க?"

"பதினாறு வருஷம் டாக்டர்."

எனக்கு அதுவும் தெரியாது. காத்திருந்த நேரத்தில்தான் சொன்னார். ஜாசின் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் மருந்தடிக்கும் கேங்கில் எட்டுப் பெண்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மர வரிசைகளுக்கு நடுவே கீரை தானாக முளைத்துக் கிடக்கும். மருந்தடித்த வரிசையில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி காற்றில் போய்விடும், மழை பெய்தால் எது எந்த வரிசை என்றே தெரியாது.

"மத்த ஏழு பேரு வீட்டுலயும் ஆளுக்கு ஒரு சின்னப் பிள்ளை. எனக்குத்தான் இல்லியே. அதனால நான் மொதல்ல தின்பேன். ரெண்டு நாள் பாப்பாங்க. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அந்த வரிசையில எல்லாரும் பறிப்பாங்க."

"யாரு உங்களை அப்டிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானேதான். பதினாறு வருஷம்மா. என் காலத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு வாந்தி வந்ததில்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. சரோ அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். கஞ்சப் பொம்பளை என்று சொன்ன வாய் அது.  வாரத்தில் மூன்று நாள், நான்கு மாதமாக, என் மகள் தின்ற ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் இந்த மனுஷி அதைத் தின்றுவிட்டு, தன் வயிற்றைக் கவனித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார்.

மகளுக்கு ஒன்றுமில்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

பயம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என்மேல்தான் இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கீழே போனேன். கயிறு கட்டியிருந்த இரண்டு பெட்டிகளின் கீரையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆன்ட்டி வெண்டைச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே சொன்னேன். தின்று பார்த்து இரண்டு நாள் காத்திருப்பது ஒரு சோதனையே இல்லை. இந்த மாதிரி விஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால், வருஷக்கணக்கில் கழித்துத்தான் காட்டும். பெரியவர்கள் உடம்பு தாங்குவதைப் பிள்ளைகள் உடம்பு தாங்காது. அவர் தின்றதால் எங்கள் யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

இனிமேல் தின்னாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் சொன்னேன். அவருடைய நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ அந்த ஏழு பிள்ளைங்க?"

நான் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தரையில் தேய்த்தேன்.

"நான் சரின்னு சொன்னேனே. நான் சொன்ன பெறகுதானே குடுத்தாங்க."

மறுநாள் காலையில் எல்லாப் பெட்டிகளிலும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அடுக்குவீடு முழுவதும் வருஷக்கணக்கில் குழம்பில் போட்ட கறிவேப்பிலைச் செடியையும் அவர் விட்டுவைக்கவில்லை. இரண்டொரு நாளில் பெரும்பாலான பெட்டிகளைக் கவிழ்த்து மண்ணைக் கோணியில் கட்டிவிட்டார். ஏழு பெட்டிகளை மட்டும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்.

அந்த வாரம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன்.

"தங்கா பத்து ஊர்ல இருக்கு, எங்க கேங்குல மூத்தவ பொண்ணு. ரெண்டு பிள்ளை. நல்லா இருக்கும்மா, குண்டா இருக்கு" என்றார். சிரித்தார்.

எஸ்டேட் எப்போதோ கலைந்துபோயிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒருவர் வீட்டில் இன்னொருவர் விலாசம் கேட்டு, அங்கே போய் வேறு விலாசம் கேட்டு, வலிக்கும் முழங்காலோடு பஸ் பஸ்ஸாக ஏறினார். ஒருவர் நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்து வந்த நாளில் மட்டும் ஒரு பெட்டியின் கயிறு அவிழும். செர்காமில் ஒருவன். ஜாசின் டவுனில் இரண்டு பேர். கார் எடுத்து வருகிறேன் என்று சரோ அக்கா கெஞ்சினார். ஒரே ஒரு முறைதான் சம்மதித்தார். அன்று சரோ அக்கா வந்து என்னிடம், "வீட்டுக்குள்ள போயி என்னா கேக்குது தெரியுமா? கைய நீட்டுன்னு சொல்லி நகத்தப் பாக்குது" என்றார்.

அடுத்த வருடம் நாங்கள் வீடு மாறினோம். சாமான்களை லோரியில் ஏற்றிய பிறகு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் அப்போது நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தாள். கயிறு அவிழ்ந்த பெட்டிகளில் அவர் ஒன்றும் நடவில்லை. பறிக்காமல் விட்ட கீரை பூத்துக் காய்ந்து, விதை கொட்டி, தானாகவே மறுபடி முளைத்திருந்தது. இரண்டு பெட்டிகளில் இன்னும் கயிறு இருந்தது. மகள் அவற்றில் ஒன்றை நோக்கிக் கையை நீட்டினாள். நான் குனிவதற்குள் ஆன்ட்டி அந்தக் கையைப் பிடித்துவிட்டார். பிடித்த கையைத் திருப்பி, ஐந்து விரல் நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"இந்த ரெண்டு பேரும் இன்னும் கெடைக்கலையா ஆன்ட்டி?"

அவர் வேலிக்கு அப்பால் லோங்காங்கைப் பார்த்தார்.

"ஒருத்தன்தான் கெடைக்கல" என்றார்.